தருமியும் மாதுவும் வைத்தியும்: நாகேஷ் பற்றி ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் தாராபுரத்தில் வசிப்பவள். நாகேஷ் பிறந்த ஊர் என்பதில் எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. சென்ற வாரம் தொலைக்காட்சியில் 'திருவிளையாடல்' போட்டார்கள். தருமி வந்ததும் வீடே கூடத்துக்கு வந்துவிட்டது. படம் முடிந்த பிறகு, "தமிழில் வந்த மிகப் பெரிய நடிகர்களில் நாகேஷ் ஒருவர்" என்று சொன்னேன். கல்லூரியில் படிக்கும் என் மகள், "காமெடியனைப் போய்ப் பெரிய நடிகர் என்கிறாயே அம்மா" என்றாள். என் மாமனாரும் அவள் கட்சிதான். "உடம்பை வளைப்பதும் படபடவென்று பேசுவதும் ஒரு திறமை, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் சிவாஜிக்கும் ரங்காராவுக்கும் பக்கத்தில் வைக்கலாமா?" என்று கேட்டார். மறுக்க வேண்டும் என்று தோன்றியது, வார்த்தை வரவில்லை. நாகேஷின் நடிப்பில் மிகவும் வலுவானவை என்று நீங்கள் எவற்றைச் சொல்வீர்கள்? மகளுக்குப் போட்டுக் காட்டுவதென்றால் எதில் தொடங்கலாம்?

அன்புடன்,
ஒரு வாசகி
தாராபுரம்

அன்புள்ள சகோதரி,

உங்கள் மாமனார் சொன்ன உடம்பையும் வேகத்தையும் பற்றியே முதலில் பேசிவிடுகிறேன். அவர் பார்த்தது சரிதான். நாகேஷ் நடிப்பில் முதலில் கண்ணில் படுவது அந்த இரண்டும்தான். அந்த உடம்பு ஏன் அப்படி வளைகிறது, அந்தப் பேச்சு ஏன் அவ்வளவு வேகமாக வருகிறது என்று கேட்டுப் பார்த்தால்தான் அவர் எவ்வளவு பெரிய நடிகர் என்பது தெரியும்.

அவர் நடித்த முக்கியமான பாத்திரங்களை ஒன்றாக நிறுத்திப் பாருங்கள். தருமி, சர்வர் சுந்தரம், மாடிப்படி மாது, சவடால் வைத்தி. நல்லவன், கெட்டவன், அப்பாவி, தந்திரக்காரன் எல்லோரும் இருக்கிறார்கள். ஆனால் ஒருவன்கூட சொந்தக் காலில் நிற்பவன் இல்லை. எல்லோரும் இன்னொருவர் தயவில் வயிறு கழுவுகிறவர்கள். எதிரில் இருப்பவரின் முகம் சுளித்தால் அன்றைய பிழைப்பு போய்விடும். ஆகவே அவர்கள் ஓயாமல் எதிராளியின் முகத்தைப் படித்துக்கொண்டே இருக்கிறார்கள். அவர் வாய் திறப்பதற்குள் பதில் சொல்லிவிடுகிறார்கள், அவர் கோபப்படுவதற்குள் குனிந்துவிடுகிறார்கள். அந்தப் பேச்சிலும் உடம்பிலும் இருப்பது பயத்தின் வேகம். நமக்கு அது சிரிப்பாக வந்து சேர்கிறது.

தருமியையே எடுத்துக்கொள்வோம். 1965இல் வந்த 'திருவிளையாடல்' படத்தில் அவர் வருவது கொஞ்ச நேரம்தான். பாண்டியனின் சந்தேகத்தைத் தீர்க்கும் பாட்டுக்கு ஆயிரம் பொன் என்று அறிவிப்பு வந்துவிட்டது. தருமியிடம் பாட்டு இல்லை. கோயிலுக்குள் வந்து தனியாகப் புலம்புகிறார். எதிரில் யாரும் இல்லை. சாதாரண நகைச்சுவை நடிகருக்கு இது மிகவும் கடினமான இடம். சிரிக்கவைக்கப் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும், தட்டிவிட ஒரு வசனம் வேண்டும். நாகேஷ் அங்கே சொக்கநாதரையே எதிராளியாக்கிக்கொள்கிறார். "எனக்கில்லை, எனக்கில்லை" என்று அவர் சொல்லும்போது கவனியுங்கள். ஒரு தடவை அது தனக்குத்தானே சொல்லும் சமாதானமாக இருக்கிறது. அடுத்த தடவை கடவுளிடம் புகார். அதற்கடுத்த தடவை கைக்கு எட்டாத பொன்னைப் பார்த்துவிட்டவனின் அலறல். ஒரே சொல்தான், ஒவ்வொரு முறையும் வேறு இடத்திலிருந்து கிளம்பி வருகிறது.

பிறகு புலவர் வேடத்தில் சிவபெருமானாக சிவாஜி வருகிறார். கேள்வியை நீ கேட்கிறாயா, நான் கேட்கட்டுமா என்றதும் தருமி பதறிப்போய்த் தானே கேட்பதாகச் சொல்கிறார், தனக்குக் கேட்கத்தான் தெரியுமாம். இந்த வசனத்துக்கு எல்லோரும் சிரிக்கிறோம். அதைச் சொல்லும் முகத்தில் உண்மையான பீதி இருக்கிறது என்பதை அடுத்த முறை பாருங்கள். தனக்குப் புலமை போதாது என்று தருமிக்குத் தெரியும். தெரிந்துகொண்டே புலவனாகக் காலம் தள்ளுகிறவன் அவன். "சேர்ந்தே இருப்பது?" என்ற கேள்விக்கு "வறுமையும் புலமையும்" என்று பதில் வருகிறதே, அந்த இரண்டில் ஒன்றுதான் அவனிடம் முழுதாக இருக்கிறது.

அந்தக் காட்சியில் சிவாஜி கல்தூண்போல் நிற்கிறார். குரல் சீராக, கம்பீரமாக வருகிறது. நாகேஷ் அந்த நிலையான உருவத்துக்கு முன்னால் தவித்துக்கொண்டே இருக்கிறார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் மிஞ்சப் பார்க்கவில்லை. கடவுள் அசைய வேண்டியதில்லை, ஏழை ஒரு நிமிடம்கூட அசையாமல் இருக்க முடியாது. இருவரும் இதைப் புரிந்துகொண்டு நடித்திருக்கிறார்கள். சிவாஜிக்குப் பக்கத்தில் வைக்கலாமா என்று உங்கள் மாமனார் கேட்கிறார். ஏ.பி.நாகராஜன் வைத்துக் காட்டியிருக்கிறார், சிவாஜியும் இடம் கொடுத்திருக்கிறார்.

ஆனால் அரசவைக் காட்சியைத்தான் நான் அதைவிட உயர்வாகச் சொல்வேன். சிவன் எழுதிக் கொடுத்த பாட்டு அரசனுக்குப் பிடித்துவிட்டது. பரிசு கிட்டத்தட்டக் கைக்கு வந்துவிட்டது. அப்போது நக்கீரர் எழுகிறார் (இந்த வேடத்தில் நடித்திருப்பவர் இயக்குநர் நாகராஜனேதான்). பாட்டை எழுதியது நீர்தானா என்று கேட்கிறார். தருமி நான்தான் என்று சொல்லிவிட்டு நிறுத்தியிருக்கலாம். நிறுத்த முடியவில்லை. பின்னே, மண்டபத்தில் யாராவது எழுதிக் கொடுத்ததை வாங்கிக்கொண்டு வந்து சொல்வேனா என்று தானாகவே உண்மையைக் கொட்டிவிடுகிறார். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவன் பொய் சொன்னால் இப்படித்தான் சொல்வான், மறுக்க வேண்டிய விஷயத்தைத் தானே எடுத்துக் கொடுத்துவிடுவான். எந்த மேடையிலும் இன்றுவரை நாம் சொல்லிச் சிரிக்கும் அந்த 'மண்டபத்தில் எழுதிக் கொடுத்தது' ஒரு மனிதனின் நெஞ்சு படபடப்பிலிருந்து வந்தது.

அதன் பிறகு வருவதுதான் எனக்கு இத்தனை வருடம் கழித்தும் தொண்டையை அடைக்கிறது. பாட்டில் பிழை இருக்கிறது என்றதும், எவ்வளவு பிழை இருக்கிறதோ அதற்குத் தகுந்தாற்போல் பரிசைக் குறைத்துக்கொள்ளுங்களேன் என்கிறார். தியேட்டரே அதிர்ந்த வசனம் இது. கூலி கேட்டு நின்றவர்களுக்குத் தெரியும், அது வசனமே இல்லை. ஆயிரம் வேண்டாம், ஐந்நூறு கொடுங்கள், அதுவும் வேண்டாம், வெறுங்கையோடு மட்டும் அனுப்பாதீர்கள். சொல்குற்றமா பொருள்குற்றமா என்று சபை கேட்கிறது. இலக்கணப் பேச்சுக்கு நடுவே இந்த மனிதன் அரிசிக் கணக்குப் போட்டுக்கொண்டு நிற்கிறான். நாகேஷ் அந்த வரியை ஒரு துளி சுயபச்சாதாபமும் இல்லாமல், மிகவும் நியாயமான வியாபார யோசனையைச் சொல்வதுபோல் சொல்கிறார். அழுதுகொண்டே சொல்லியிருந்தால் நாம் பரிதாபப்பட்டுவிட்டு மறந்திருப்போம்.

தருமிக்கு இவ்வளவு இடம் கொடுத்துவிட்டேன். பரவாயில்லை. அந்தக் காட்சியைத் துண்டு துண்டாக வெட்டிக் கைப்பேசியில் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகிறார்கள். அதை முழுதாகப் பார்க்க வேண்டும் என்பதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

1968இல் வந்த இரண்டு படங்களுக்கு வருகிறேன். 'எதிர்நீச்சல்' கே.பாலசந்தரின் நாடகம் திரைக்கு வந்தது. பல குடித்தனங்கள் இருக்கும் ஒரு வீடு. அநாதையான மாது மாடிப்படிக்கு அடியில் தங்கிக்கொண்டு எல்லார் வீட்டுக்கும் எடுபிடி வேலை செய்கிறான், அவர்கள் போடுவதைச் சாப்பிட்டுவிட்டுக் கல்லூரியில் படிக்கிறான். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று "மாது வந்திருக்கேன்" என்று குரல் கொடுப்பான். அந்தக் குரலைக் காதைத் தீட்டிக்கொண்டு கேளுங்கள். உரிமையோடு கூப்பிடுவதுபோல் தொடங்கி, முடியும்போது மன்னிப்புக் கேட்பதுபோல் இறங்கிவிடும். அதிகாரமாக ஒலித்தால் கதவு திறக்காது. கெஞ்சினால் பிச்சை என்று ஆகிவிடும், படிக்கிற பையனின் மானம் போய்விடும். இரண்டுக்கும் நடுவில் ஒரு மெல்லிய இடத்தில் அவர் குரலை நிறுத்துகிறார். ஒண்டுக்குடித்தனங்களில் வளர்ந்த யாரும் அந்தக் குரலை உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள்.

'தில்லானா மோகனாம்பாள்' வைத்தி வேறு ரகம். கொத்தமங்கலம் சுப்பு ஆனந்த விகடனில் தொடராக எழுதிய நாவலின் பாத்திரம். வைத்தி ஒரு தரகர். நாட்டியக்காரி மோகனாம்பாளைப் பணக்காரர்களிடம் சேர்த்துவிட்டுத் தன் பங்கை வாங்கிக்கொள்வதுதான் அவர் நோக்கம். சிங்கபுரம் மைனர், மதன்பூர் மகாராஜா என்று ஒருவர் போனால் இன்னொருவரைப் பிடிக்கிறார். எத்தனை கேவலமான தொழில்! ஆனால் படம் பார்க்கும்போது வைத்தி வந்தால் நமக்கு உற்சாகமாகிவிடுகிறது. நான் இதை ஒரு குறையாகச் சொல்லவில்லை. மோகனாவின் தாயார் வடிவாம்பாள் (சி.கே.சரஸ்வதி) ஏன் இந்த ஆளிடம் மயங்குகிறாள் என்பது அப்போதுதான் நமக்கு விளங்குகிறது. அவளைப் போலவே நாமும் மயங்கித்தானே உட்கார்ந்திருக்கிறோம்? மீசையை முறுக்கும் வில்லன்கள் நிறையப் பேர் வந்த காலத்தில், ஒரு பெண்ணின் வாழ்க்கையை விலைபேசுகிறவன் இப்படிச் சிரித்த முகத்தோடு, குடும்ப நண்பனாக, நடுக்கூடம் வரை வந்து உட்கார்வான் என்று காட்டியவர் நாகேஷ். மைனர் முன்னால் வைத்தி குனிவதையும், வடிவாம்பாள் முன்னால் நிமிர்வதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே ஆளின் முதுகெலும்பு இடத்துக்கு இடம் மாறுகிறது.

இதே தொழில்நுட்பம்தான் பல வருடம் கழித்து 'அபூர்வ சகோதரர்கள்' படத்தில் (1989) தர்மராஜாக வந்தபோது முழு வில்லத்தனமாகியது. அதை அன்று பார்த்தவர்கள் அதிர்ந்தார்கள். வைத்தியை ஒழுங்காகப் பார்த்திருந்தால் அதிர்ச்சிக்கு இடமே இல்லை.

'சர்வர் சுந்தரம்' (1964) பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். பாலசந்தர் எழுதி, கிருஷ்ணன்–பஞ்சு இயக்கிய படம். ஓட்டல் சர்வர் சினிமா நடிகனாகிறான், காதலித்த பெண் நண்பனுக்குப் போகிறாள், தாயைப் பறிகொடுக்கிறான். கடைசிப் பகுதியில் கதை நம்மை அழவைக்கக் கொஞ்சம் கூடுதலாகவே முயல்கிறது என்பது என் அபிப்பிராயம். நாகேஷ் அந்த முயற்சியில் சேராமல் இருப்பதுதான் படத்தைக் காப்பாற்றுகிறது. அடுக்கடுக்காகக் கோப்பைகளைக் கையில் ஏந்திக்கொண்டு அவர் நடந்துவரும் காட்சியை எல்லோரும் வித்தை என்று ரசிப்பார்கள். எனக்கு அது ஒரு தொழிலாளியின் திறமையாகப் படுகிறது. ஓட்டலில் வேலை பார்த்தவர்களிடம் இருக்கும் சிறு கர்வம் அந்த நடையில் இருக்கிறது.

அதிகம் பேசப்படாத இரண்டைச் சொல்கிறேன். ஒன்று, 'நீர்க்குமிழி' (1965). பாலசந்தர் இயக்கிய முதல் படம். கதை முழுவதும் மருத்துவமனைக்குள்ளேயே நடக்கிறது. சேது என்ற நோயாளி வார்டையே கலகலப்பாக வைத்திருக்கிறான், தனக்குப் புற்றுநோய் என்று அவனுக்குத் தெரியாது. நமக்குத் தெரியும். இப்படி ஒரு பாத்திரம் கிடைத்தால் எந்த நடிகருக்கும் ஒரு சபலம் வரும், சிரிக்கும்போதே கண்ணில் லேசாகச் சோகத்தைக் காட்டிப் பார்வையாளருக்குச் சைகை செய்துவிடத் தோன்றும். நாகேஷ் அதைச் செய்யவில்லை. தெரியாதவன் தெரியாதவனாகவே சிரிக்கிறான். கனம் முழுவதும் நம் பக்கம் விழுகிறது. இன்னொன்று, 'மேஜர் சந்திரகாந்த்' (1966). அதில் அவர் ஒரு தையல்காரர். வஞ்சிக்கப்பட்ட தங்கைக்காகக் கொலை செய்துவிட்டு, பார்வையற்ற ஒரு முன்னாள் ராணுவ அதிகாரியின் வீட்டில் தஞ்சம் புகுகிறார். தங்கையாக ஜெயலலிதா, மேஜராக சுந்தரராஜன். முன்பாதியில் "கல்யாண சாப்பாடு போடவா" என்று குதித்துப் பாடிய அதே அண்ணன்தான் பின்பாதியில் கையில் கொலையோடு வந்து நிற்கிறான். ஆள் மாறிவிட்டதாகத் தோன்றுவதே இல்லை. தங்கைமேல் வைத்திருந்த ஆசைதான் அந்தக் குதிப்பு, அதே ஆசைதான் இந்தக் கொலை.

நாகேஷை 'இந்தியாவின் ஜெர்ரி லூயிஸ்' என்று அந்தக் காலத்திலிருந்தே எழுதிவந்தார்கள். பாராட்டாகத்தான் எழுதினார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு. மாதுவும் தருமியும் நம்முடைய கோயில் மண்டபத்திலும் ஒண்டுக்குடித்தனத்திலும் முளைத்தவர்கள். வீட்டில் கன்னடம் பேசும் மாத்வக் குடும்பத்தில் 1933இல் உங்கள் ஊரில் பிறந்தவர், ரயில்வேயில் வேலை பார்த்துக்கொண்டே நாடகத்துக்கு வந்தவர், முகத்தில் அம்மைத் தழும்போடு கதாநாயகன் வேடத்துக்கு நின்றவர். இப்படிப்பட்ட ஒருவருக்கு வெளிநாட்டு ஒப்புமை எதற்கு? தமிழ் தாய்மொழியாக இல்லாதவர் தருமியின் வாயில் அந்தத் தமிழைப் புரட்டி எடுத்ததையும், 'அனுபவி ராஜா அனுபவி' படத்தில் தூத்துக்குடிப் பேச்சைத் தன் பேச்சாக்கிக்கொண்டதையும் கேட்டாலே போதும்.

இவ்வளவு நடித்தவருக்குத் தேசிய விருது எப்போது கிடைத்தது தெரியுமா? 1994ஆம் ஆண்டுப் படமான 'நம்மவர்' படத்துக்கு, அதுவும் துணைநடிகருக்கான விருது. பத்ம விருது எதுவும் கடைசிவரை வரவில்லை, 2009 ஜனவரி 31 அன்று காலமாகிவிட்டார். நகைச்சுவை நடிகர் என்ற பெயர்ப்பலகையை ஒருமுறை மாட்டிவிட்டால் விருதுக்குழுக்களின் கண்ணுக்கு ஆள் தெரிவதில்லை. சொல்லச் சொல்லக் கோபம்தான் வருகிறது.

'நம்மவர்' படத்தில் அவர் பிரபாகர் ராவ், மகளைப் பறிகொடுக்கும் தந்தை. அந்தத் தற்கொலைக்குப் பிறகு அவர் நிலைகுலையும் காட்சியை உங்கள் மகள் அவசியம் பார்க்க வேண்டும். வாழ்நாள் முழுக்க அவர் கையாண்ட அதே வேகமான பேச்சு, அதே படபடப்பு அங்கேயும் இருக்கிறது. ஆனால் இப்போது எதிரில் திருப்திப்படுத்த யாரும் இல்லை. பேச்சு கிளம்புகிறது, சென்று சேர இடமில்லை. 'காமெடியனாக இருந்தும் இவ்வளவு உருக்கமாக நடித்துவிட்டார்' என்று அப்போது பலர் வியந்தார்கள். இந்தக் கணக்கில்தான் எனக்குச் சம்மதமில்லை. சிரிக்கவைத்த முப்பது ஆண்டுகளும் அவர் இதே சரக்கைத்தான் கையாண்டுகொண்டிருந்தார்.

அதே ஆண்டு வந்த 'மகளிர் மட்டும்' படத்தில் அவர் பிணம். தங்கள் மேலதிகாரியின் உடல் என்று நினைத்து மூன்று பெண்கள் மருத்துவமனையிலிருந்து கடத்திக்கொண்டு வரும் பிணம். பேச்சு இல்லை, பார்வை இல்லை, முகபாவம் இல்லை. மற்றவர்கள் தூக்குகிறார்கள், சாய்க்கிறார்கள், அந்த உடம்பு போகிற பக்கம் போகிறது. வேகம்தான் நாகேஷின் பலம் என்று சொல்கிறவர்கள் அதற்கு என்ன சொல்வார்கள் என்று கேட்கத் தோன்றும். அதற்கு மேல் விளக்கம் எழுதினால் சிரிப்பு கெட்டுவிடும், பார்த்துக்கொள்ளுங்கள்.

வரிசை கேட்டிருக்கிறீர்கள். தருமியை ஏற்கெனவே பார்த்துவிட்டதால் 'எதிர்நீச்சல்' படத்தில் தொடங்குங்கள். அடுத்து 'நீர்க்குமிழி'. கறுப்பு வெள்ளைப் படம், நாடகச் சாயல் தூக்கலாக இருக்கும், அந்த வயதுப் பிள்ளைகளுக்கு முதல் கால்மணி நேரம் பொறுமை வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பிறகு வைத்தி, அவர் பின்னாலேயே தர்மராஜ். கடைசியில் 'நம்மவர்'.

நடுவில் ஒருநாள் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து 'காதலிக்க நேரமில்லை' பாருங்கள், 1964இல் ஸ்ரீதர் எடுத்தது. ஓஹோ புரொடக்ஷன்ஸ் செல்லப்பா தன் அப்பாவுக்குப் பேய்க்கதை சொல்லும் காட்சி வரும். அதை இரண்டு தடவை ஓட்டுங்கள். முதல் தடவை நாகேஷைப் பாருங்கள், இல்லாத காட்டையும் இல்லாத இருட்டையும் வெறும் வாயாலும் கையாலும் அவர் எப்படிக் கட்டுகிறார் என்று தெரியும். இரண்டாவது தடவை அவரை விட்டுவிட்டு, கதை கேட்டுக்கொண்டிருக்கும் டி.எஸ்.பாலையாவின் முகத்தை மட்டும் பாருங்கள். பாலையாவைப் பற்றி எழுதத் தனியாக ஒரு கடிதம் போடுங்கள், எழுதுகிறேன்.

அன்புடன்.